சிலைக்குத் தலை

சிலைக்கு உடம்பு தயார்; தலைதான் பாக்கி. கலங்கரை விளக்கத்தின் அடியில், கையில் லாந்தரோடு, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

“எங்கப்பா மூஞ்சிதான்யா வைக்கணும். புயலடிச்ச அன்னைக்கு மேல இருந்தது அவருதான்!” ஜவுளிக்கடைக்காரர் தன் தகப்பனாரின் போட்டோவைச் சிற்பியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“உங்கப்பா இருந்தாரு, ஒத்துக்கிறேன். வீட்டுல, போர்வைக்குள்ள இருந்தாரு” என்றார் ஐஸ் கம்பெனிக்காரர். அவருடைய அப்பாவும் அதே விளக்கில் வேலை பார்த்தவர். அன்றிரவு யார் முறை என்ற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்று போயிருந்தது, திட்டுவதற்கு மட்டும் விலக்கு.

ஊருக்கே பெருமையான சமாச்சாரம் அது. சூறாவளியில் தத்தளித்த சரக்குக் கப்பல் ஒன்று, விளக்கின் தயவால் நேராகக் கடற்கரை மணலிலேயே வந்து நின்றதாம். ஆட்களை ஊரார் காப்பாற்றினார்கள். கப்பலிலிருந்த துணியையும் தேக்கையும் அதைவிட அக்கறையாகக் காப்பாற்றினார்கள். ஜவுளிக்கடையே அப்படி முளைத்ததுதான் என்று ஐஸ்காரர் சொல்வார், தன் வீட்டுத் தேக்குக் கதவில் சாய்ந்துகொண்டு.

சிலை நிற்கும் இடம் ஜவுளிக்கடைக்கு நேரெதிர். ஐஸ்காரரின் அப்பா தலை வந்துவிட்டால், ஆயுசு முழுக்க அந்த மூஞ்சியில் விழித்துத்தான் கடை திறக்க வேண்டும். நினைக்கும்போதே ஜவுளிக்காரருக்கு மயக்கம் வந்தது.

அந்தக் கப்பல் கேப்டனின் பேத்தி, சிலைக்காக ஊர் எடுத்த விழாவுக்கு வந்திருந்தார். “அன்னைக்கு விளக்கு யாரு பொறுப்புல இருந்துச்சு? அவங்க குடும்பத்தைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்” என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை.

அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து ஐஸ்காரர் ஓரமாகக் குசுகுசுப்பதைப் பார்த்ததும் ஜவுளிக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. முந்திக்கொண்டானே, பாவி!

ஆனால் திரும்பி வந்த ஐஸ்காரர் வேறு ஆளாக இருந்தார்.

“அண்ணே, யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்றதுதான் சரி. எங்கப்பாவுக்கு அன்னைக்கு நல்ல காய்ச்சல்.”

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?”

“உங்கப்பாவேதான்ணே. வேற யாரும் மேல ஏறவே இல்ல. எங்க வேணா வந்து சத்தியம் பண்றேன்.”

ஐஸ்காரர் பேரம் பேசாமல் ஒரு பொருளை விட்டுக்கொடுத்து ஊர் பார்த்ததில்லை. ஏன் கொடுக்கிறான் என்று கேட்கவேண்டிய வியாபாரியோ, வந்ததை வாரிக் கட்டிக்கொண்டு மேடையேறினார்.

“எங்கப்பா ஒத்த ஆளா நின்னாரு! இன்னொருத்தன் நிழல்கூட அந்தப் படியில விழல. அன்னைக்கு நடந்த அத்தனைக்கும் அவரு ஒருத்தருதான் காரணம். எவன் வந்து பங்கு கேட்டாலும் செருப்பால அடிப்பேன்!”

கூட்டம் கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது ஐஸ்காரர்தான்.

பேத்தி எழுந்து மைக்கை வாங்கினார். “சாகிற வரைக்கும் தாத்தா இந்த ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தாரு. அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு. அவரு இல்ல. மகன் நீங்க இருக்கீங்க.”

ஜவுளிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தோள்துண்டால் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும்படி திரும்பி நின்றார்.

“கேளுங்கம்மா. தாராளமாக் கேளுங்க.”

“உங்கப்பா அன்னைக்கு ஏன் விளக்கை ஏத்தவே இல்ல?”