எதிர்க்கரையில் மட்டும் ஒரு மங்கல்

கோர்கல்ஜின் ஏரி வாத்துகளை சகிந்திக் முப்பது வருடமாகப் படமெடுத்தார். அலகில் தொங்கும் நீர்த்துளிவரை துல்லியமாக விழும். பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைந்ததுபோல் மங்கிவிடும். எதிர்க்கரையில் வெள்ளைத் தலைத்துணியோடு நின்று ரொட்டி போட்டு வாத்துகளைக் கூட்டும் அவர் மனைவி குல்யாஷும் அப்படித்தான் மங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு படத்துலயாவது என் மூஞ்சி தெரியுமா?"

"முதல்ல உனக்கு ரெண்டு றெக்கை முளைக்கட்டும், பாக்கலாம்!"

அந்தக் குளிர்காலத்தில் அவள் கண்ணை மூடிவிட்டாள். சொன்ன சொல்லை வாய்க்குள் திரும்பப் போட்டுக்கொள்ள எந்தக் கேமராவிலும் பொத்தான் கிடையாது.

வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் வழக்கப்படி இறந்துபோனவர்களுக்காக ஏழு ரொட்டி பொரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்.

"கருக்கிட்டியே அண்ணே! அண்ணி பாத்தா சிரிக்கும்," என்று பக்கத்து வீட்டு ஓத்தெகென் அதையும் தின்றான்.

மிஞ்சிய ஒன்றோடு ஏரிக்குப் போனார். அவள் நின்ற இடத்தையாவது தெளிவாக எடுத்துவிட வேண்டும். காலை வெயில் அருமையாக இருந்தது. முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக விழும்படி லென்ஸின் கண்ணை நன்றாகச் சுருக்கி எடுத்தார்.

படத்தில் முன்னாலிருந்த நாணல் தெளிவு. பதினான்கு வாத்துகளும் தெளிவு. எதிர்க்கரைக் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். அவற்றின் நடுவே, வெள்ளைத் தலைத்துணியோடு, ஆளுயரத்தில் ஒரு மங்கல்.

நிமிர்ந்து பார்த்தார். கரையில் யாருமில்லை.

இன்னும் சுருக்கினார். கரைக்குப் பின்னால் புல்லில் பூத்த பூகூடத் தெரிந்தது. மங்கல் தெளியவில்லை.

"கொஞ்சம் அசையாம நில்லும்மா," என்று வெறும் கரையைப் பார்த்துக் கெஞ்சினார். தன் கருகிய ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார்.

ஒரு வாத்தும் திரும்பவில்லை. பதினான்கும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்க்கரையோரம் எதையோ கொத்தித் தின்றுகொண்டிருந்தன.