சிவப்புக் கேப்சூல்

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. இன்னும்!"

மருமகள் மாமியாரின் தாடையைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கன்னம் காலி, நாக்கடி காலி. வெந்நீர் டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு, கட்டிலோரம் ஆறவைத்திருந்த தன் டீயை ஒரே மூச்சில் குடித்தாள். கசந்தது. இந்த வீட்டில் எதுதான் இனித்தது!

"நல்லா சோதனை போடுடி. நான் போனா மாட்டுக்கொட்டகைச் சாவி உன் இடுப்புக்கு வந்துடும்ல?"

"நீங்க போனா நான்தான் கொன்னேன்னு உங்க பிள்ளை சொல்வாரு. அதுக்காகத்தான் உங்களைக் கட்டிக்கிட்டு அழறேன்."

மாதம் நிறையாமல் கன்று வீசிய பசுவைத் தொட்டு வேலை பார்த்ததில் மாமியாருக்கு ஒட்டிக்கொண்ட காய்ச்சல் அது. ஆறு வாரத்துக்கு இரண்டு மருந்து. காலையும் மாலையும் ஒரு மாத்திரை, காலையில் மட்டும் ஒரு சிவப்புக் கேப்சூல். மாத்திரை பேசாமல் இறங்கிவிடும். சிவப்பு வந்தால் மட்டும் கிழவிக்கு வெந்நீர் வேண்டும். மருமகள் அடுப்படிக்கு ஓடி எடுத்து வந்து, வாயைச் சோதித்து, காலண்டரில் ஒரு கோடு போடுவாள்.

அன்று போட்டது முப்பதாவது கோடு. அன்று பகலே காய்ச்சல் திரும்பி வந்தது. மகன் இருவரையும் டாக்டரிடம் இழுத்துப் போனான்.

"சிறுநீர் என்ன நிறம்?" என்றார் டாக்டர்.

"மஞ்சள்" என்றாள் மாமியார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப சிவப்பு கேப்சூல் உள்ளயே போகல. போனா சிறுநீர், கண்ணீர் எல்லாம் ஆரஞ்சா வரும். ரெண்டு மருந்தும் சேர்ந்தாதான் இந்தக் கிருமி அடங்கும். உங்க மகன்கிட்ட முதல் நாளே சொன்னேனே?"

மகன் மின்விசிறியைப் பார்த்தான். அதைப் பற்றி அவன் வீட்டில் மூச்சே விட்டிருக்கவில்லை. பழி தன் தலையில் விழுவதற்குள் மனைவி மேல் பாய்ந்தான்.

"எங்கம்மாவுக்கு மருந்து குடுக்காம ஏமாத்தினியா? இன்னிக்கே உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. குழந்தை இங்கதான் இருக்கும்."

அவள் சண்டைக்காரிதான். குழந்தை என்றதும் உடைந்துபோனாள். வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் விரித்தார். ஈரம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு.

"நீங்க எதுக்கும்மா அதைச் சாப்பிட்டீங்க?"

"நான் சாப்பிடல சார்! ஒரு மாசமா ஒண்ணுக்கும் இந்த நிறம்தான். சொன்னா நோய்க்காரின்னு துரத்திடுவாங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"திருடி!" என்று கத்தினான் மகன்.

மாமியார் மருமகளைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். ஒரு சுற்றுப் பெருத்துத்தான் இருந்தாள்.

"அவ திருடலடா. முதல் நாள் முழுங்கினதும் எனக்கு ஒண்ணுக்கு ரத்தமாப் போச்சு. இவ விஷம் வைக்கிறாளோன்னு நினைச்சேன். மறுநாள்லேர்ந்து, அவ வெந்நீருக்குப் போறப்பல்லாம் அந்தச் சிவப்பை அவ டீயிலயே பிரிச்சுக் கொட்டிட்டிருந்தேன்."

பிறகு டாக்டரிடம் கையை நீட்டினாள்.

"இவ இன்னும் சாகலையே... அப்ப அது மருந்துதான், குடுங்க."