நாக்கு எழவில்லை

மருந்துக்கடைக்காரர் மதிய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கோழித் துண்டை வாயில் வைத்த நேரம், கோழிப்பண்ணைக்காரம்மா கடைக்குள் நுழைந்தார். டப்பா அவசரமாக மேசைக்கு அடியில் போனது.

முன்பெல்லாம் வாராவாரம் அந்தம்மாவிடம்தான் கோழி வாங்கினார். "வெளியில மேய்ஞ்ச கோழி, ருசியே தனி" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். விலை கட்டுப்படியாகாமல் சூப்பர்மார்க்கெட்டுக்கு மாறியபோது மட்டும், "டாக்டர் கறியே தொடக்கூடாதுன்னுட்டாரும்மா" என்று புளுகிவிட்டார். அன்றிலிருந்து அந்தம்மாவைக் கண்டாலே அடுத்த தெருவில் நுழைந்துவிடுவார்.

இன்று தப்ப வழியில்லை. வாயில் இருந்ததை மெல்லாமலே விழுங்கினார்.

"டாக்டர் சொன்னாருன்னது பொய்தானேங்க?" என்றார் அந்தம்மா.

கடைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அது வந்தும்மா..."

"நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிடறேன். மழைக்காலத்துல சீக்கு வந்து என் கோழியெல்லாம் செத்துப்போச்சு. வாடிக்கை போயிடுமேன்னு சூப்பர்மார்க்கெட் கோழியை வாங்கி, என்னோடதுன்னு வித்தேன். நீங்க ஒருத்தர்தான் ருசியிலயே கண்டுபிடிச்சீங்க. வெளியில சொல்லி என் மானத்தை வாங்காம, கறியே விட்டுட்டேன்னு கௌரவமா ஒதுங்கிட்டீங்க. மன்னிச்சிடுங்க."

அந்தம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடத்தான் கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"பரவாயில்லம்மா, விடுங்க. இனிமே அப்படிச் செய்யாதீங்க."

அந்தம்மா கும்பிட்டுவிட்டு, பாரம் இறங்கியவராய்ப் படியிறங்கிப் போனார். அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தபடி உட்கார்ந்திருந்தார் கடைக்காரர்.