கம்பெனி வராத நிலம்

வத்திராயிருப்பு சாலையோரம் சாயங்கால வெயில் கம்பி வேலியின் மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. வேலிக்குள் முப்பது ஏக்கரும் வெறும் செம்மண். ஏணியில் நிற்கும் இருவர், கார் பேட்டரி தொழிற்சாலை வரப்போவதாகச் சொன்ன பலகையைக் கழற்றுகிறார்கள். ஆணி பிடுங்கும் கிறீச்சொலி மலையடிவாரம் வரை போகிறது. தான் கொடுத்த நான்கு ஏக்கர் எதுவரை என்று பால்சாமி கண்களால் தேடுகிறார். பக்கத்தில் அவர் மனைவி அய்யம்மாள். தாலுகா ஆபீசிலிருந்து வந்திருக்கும் அனுசியாவால் இருவரையும் நேராகப் பார்க்க முடியவில்லை. கையெழுத்து வாங்க மூன்று முறை இங்கே வந்து, அப்போது இங்கே நின்ற அவர்கள் தோப்பின் மாம்பழத்தைத் தின்றுவிட்டுப் போனவள் அவள்.

“வெளிநாட்டுக் கம்பெனிங்கய்யா. நாம நெலம் தந்தோம், வரியும் கொறச்சோம். வேற மாநிலத்துல கரண்டும் பாதி வெலைக்குன்னுட்டாங்க. அங்க போயிட்டாங்க.”

“அப்ப வினோத்துக்கு வேலை?” என்கிறாள் அய்யம்மாள். மகன் அதற்கென்றே ராஜபாளையத்தில் ஆறு மாதம் பயிற்சி முடித்திருக்கிறான்.

அனுசியா ஏணிப் பக்கம் பார்வையை நகர்த்துகிறாள்.

“நெலத்தையாவது திருப்பித் தருவாகளா?”

“அடுத்த கம்பெனிக்குன்னு வச்சிருக்காங்கம்மா.”

பால்சாமிக்குக் கோபம் வரவில்லை. குரல்தான் இறங்குகிறது.

“கம்பெனி போனாப் போவுது. அது வாரதுக்கு முன்னாடியே அந்தக் கெணத்த ஏம்மா மூடுனீங்க? எங்கய்யா வெட்டுனது. சித்திரையிலயும் தண்ணி கெடந்துச்சே.”

அவர் விரல் நீட்டுகிறார். அனுசியா திரும்பிப் பார்க்கிறாள். அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே சமமாக இருக்கிறது.