புதுப் பாதையில் மஞ்சள் பொட்டு

"உங்க அக்கா ஒண்ணும் தொலைஞ்சு போகல மச்சான். என்னை விட்டுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான் விஷயம்."

சொல்லிவிட்டுப் பெயிண்டர் விறுவிறுவென்று மேலே ஏறினான். பின்னால் வந்த மச்சானுக்கு மூச்சு வாங்கியது. கட்டியவளைத் தேடிப் போகிறவன் பேசுகிற பேச்சா இது என்று பற்றிக்கொண்டும் வந்தது.

காட்டுக்கு மேலே, மலையுச்சியில் பழைய கோட்டை. அங்கே டிக்கெட் கொடுப்பதுதான் பெயிண்டரின் மனைவிக்கு வேலை. இன்று கவுன்டர் திறக்கவில்லையே என்று கோட்டையிலிருந்து போன் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நேற்று சாயங்காலம் அங்கிருந்து கிளம்பியவள் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

அதுவரை புருஷனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. சண்டை போட்டுக்கொண்டு, சில நாளாகக் கோட்டைச் சமையல்கார அம்மாவின் அறையிலேயே அவள் படுத்துக்கொண்டாள். எல்லாம் ஒரு ஒழுகுகிற குழாயால் வந்த வினை. சரிபண்ணுகிறேன் பேர்வழி என்று இவன் கழற்றிப் போட்டது போட்டபடி கிடந்தது.

"எடுத்த காரியத்தை என்னிக்காவது முழுசா முடிச்சிருக்கீங்களா?" என்று அவள் கத்தினாள்.

"அப்ப முடிக்கிறவனாப் பார்த்துப் போ" என்று இவன் வாயை விட்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள்.

"வழி தவறியிருக்கலாம்ல மாமா? புதுப் பாதை. அக்காவுக்குக் கோட்டை வேன்ல போய்த்தான் பழக்கம்."

"எந்தப் பாதை, இந்தப் பாதையா?" பெயிண்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அங்க பாரு, பொட்டு. அதோ இன்னொண்ணு. பச்சைப் புள்ளகூட வந்து சேர்ந்துடும்டா!"

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். மரத்துக்கு மரம், வழி காட்டப் பெயிண்டர் வைத்த மஞ்சள் பொட்டு பளிச்சென்று இருந்தது. பழைய பாதை மண்சரிவில் மூடிப்போனதால், கோட்டை பார்க்க நடந்து வருகிறவர்களுக்காகப் புதிதாக வெட்டிய வழி. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறக்கப் போகிறார்கள்.

ஊரில் பாதிச் சுவர் பெயிண்டர் அடித்ததுதான். ஆனால் காட்டில் பொட்டு வைப்பது இதுவே முதல் தடவை. அடிவாரத்தில் ஆரம்பித்து, நேற்று மத்தியானம் கோட்டை வாசலில் கடைசிப் பொட்டை வைத்தான். கால் கடுத்தது. வேன் டிரைவர் "ஏறுடா" என்றதும் ஏறி உட்கார்ந்து, சுற்றுவழியாக ஊருக்கு இறங்கிவிட்டான். வீராப்பில் டிக்கெட் கவுன்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்த இரண்டு டின்னில் ஒன்றைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தான். சிக்கனமான ஆள் என்று வேலை கொடுத்த ஆபீசில் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்தான். "பெரியக்கா வீட்டுக்கும் போகலையாம் மாமா."

"வேற யாராவது சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பா. மேல ரோடு இருக்குல்ல? ஏதாவது வண்டியை நிறுத்தி ஏறியிருப்பா."

குரல்தான் முரட்டுத்தனம். ராத்திரி பெய்த பனியில் புல்லெல்லாம் விறைத்துக் கிடந்தது. எங்கேயாவது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டான். பெண்டாட்டி ஓடிப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட புருஷன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

கோட்டை வாசலில் சமையல்கார அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வீட்டுக்குத்தான்ப்பா கிளம்பினா. நீ போன வேன் கீழேயே மக்கர் பண்ணி நின்னுபோச்சு. மூடுபனி வேற. காலையில போடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?"

"என்ன சொன்னா?"

"நீ கடைசி மரத்துல பொட்டு வைக்கிறத ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே நின்னா. அதுலயே கோபமெல்லாம் போயிடுச்சு. 'அவர் வச்ச பொட்டும்மா, கண்ணை மூடிக்கிட்டு இறங்கிடுவேன்'னு சிரிச்சுக்கிட்டே போனா."

பெயிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் விட்டுப் போகவில்லை. அவனிடம்தான் வந்திருக்கிறாள். அப்படியென்றால் ராத்திரி முழுக்க இந்தப் பனியில், இந்தக் காட்டில்தான் இருந்திருக்கிறாள்.

"மயக்கம் போட்டு வழியிலதான் எங்கேயோ விழுந்திருக்கணும். பாதை மாறியிருக்க வாய்ப்பே இல்ல மச்சான்" என்றான். "வா, நடந்தே இறங்குவோம்."

"அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டபடி மச்சான் முன்னால் இறங்கினான். பெயிண்டர் புதருக்குப் புதர் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான். எந்தப் பக்கமிருந்தும் பதில் இல்லை.

ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அடிவாரத்துக்கு. இன்னொன்று பழைய கல்குவாரிக்கு. அங்கே காடு முடிகிற இடத்தில் தரையும் முடிந்து, கீழே அதலபாதாளம். இரண்டு வழியிலும் ஒரே மாதிரி சருகு மூடிக் கிடந்தது.

எந்தப் பக்கம் என்று தெரியாமல் மச்சான் நின்றுவிட்டான். எதிரே இருந்த மரத்தைப் பார்த்தான். அடுத்த மரத்தைப் பார்த்தான். வெறும் பட்டை. ஏதோ தோன்றி அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் பார்த்தான். அங்கே மஞ்சள் பொட்டு பளிச்சென்று இருந்தது.

அவன் மெல்லத் திரும்பினான்.

"ஏறி வர்றவங்களுக்கு வச்சிருக்கீங்க மாமா... இறங்குறவங்களுக்கு எங்க?"