பெரிய தோட்டா

ஆறில் மூன்று பட்டால் போதும். நான்கு பட்டாலும் பாதகமில்லை. ஐந்து பட்டால் கதை கந்தல்.

பிரஷாந்தி காதுக்கவசத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் மூன்று ஆண்கள். வாவிக்கரை மண்மேட்டின் அடியில் பலகைகள் நட்டிருந்தன. மருதமர நிழலில், கொழும்பிலிருந்து வந்த சேர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காவல் கொம்பனி அவருடையது. நகை அடகுக் கடைகளுக்கு ரிவோல்வரோடு ஒரு பெண் காவலாளி வேண்டுமாம்.

இந்த வேலை கிடைத்தால் காலையில் கல்லடிக்கு பஸ் ஏறி, பொழுதுபட தேற்றாத்தீவுக்குத் திரும்பி வரலாம். கிடைக்காவிட்டால் குவைத்தில் வீட்டுவேலை. மெடிக்கல் முடிந்துவிட்டது. பாஸ்போட் ஏஜென்சிக்காரன் கையில். ஒன்பது வயது மகள் கம்சாயினியை யாரிடம் விட்டுப்போவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

விண்ணப்பத்தில், முன்னர் ஆயுதப் பயிற்சி உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை இயக்கம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதும், எட்டு மாதம் காட்டுக்குள் துவக்கோடு கிடந்ததும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுதுகிற சங்கதியா? தெரிந்தால் வேலை இல்லை. அதோடும் போகாது. சிவில் உடுப்புப் புலனாய்வுக்காரர்களின் மோட்டார் சைக்கிள் மறுபடி படலையில் வந்து நிற்கும்.

ஒரு மாதம் பயிற்சி நடந்தது. எல்லாம் சின்னத் தோட்டாவில்தான். பெரிய தோட்டா யானை விலை, குதிரை விலை. அதனால் அதன் அளவிலேயே கடைந்த உருக்கு உறைகளை ரிவோல்வரில் போட்டு, உறைக்குள் பென்சில் பருமனில் ஒரு தோட்டாவைச் செருகிச் சுடச் சொன்னார்கள். குழலுக்குள்ளும் ஒரு மெல்லிய குழாய். சுட்டால் கச்சான் கடலைக் கோது உடைகிற மாதிரி ஒரு சத்தம். கை அசையாது.

குறி பார்த்துச் சுடுவது அவளுக்குப் பெரிய வித்தை இல்லை. குறி பார்த்துத் தவறவிடுவதைத்தான் அந்த ஒரு மாதமும் விழுந்து விழுந்து படித்தாள். முதல் வாரம் மண்ணில் போட்டாள். அடுத்த வாரம் பலகையின் ஓரம். பிறகு, ஏதோ அதிர்ஷ்டத்தில் பட்டதுபோல, ஒன்றிரண்டை உள்ளே விட்டாள்.

பயிற்சி கொடுத்த நௌஷாட் ஒருநாளும் அவளைக் கடிந்துகொண்டதில்லை. அவருக்கு அறுபது வயது வரும், ஏறாவூர்க்காரர், மற்றவர்களிடம் எரிந்து விழுகிற மனிதன். அவருக்குத்தான் அவள் எல்லாரையும்விடப் பயந்தாள். தொண்ணூறில் இயக்கம் இரவில் புகுந்து கொன்று குவித்த ஊர் அது, அந்தச் சொல்லே அங்கே ஆறாத புண்.

இன்று சோதனை. உறைகளையும் குழாயையும் கழற்றி வைத்துவிட்டார்கள்.

முதலில் சுட்ட ரதீஸ் வெடிச் சத்தத்தில் பின்னால் இரண்டு அடி போனான், தொப்பி கீழே விழுந்தது. உதயரூபன் “அம்மோய்” என்று கத்தியே விட்டான். ஜொய்சன் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். சேர் விழுந்து விழுந்து சிரித்தார். வாவியில் மேய்ந்த கொக்குகள் எப்போதோ பறந்து போய்விட்டன.

அவள் முறை வந்தது. நௌஷாட் ஆறு தோட்டாக்களை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஆறும் பாரமாக இருந்தன.

முதலாவதை வலப்பக்க ஓரத்துக்கு வெளியே போடுவது என்று முடிவு செய்திருந்தாள். மூச்சை விட்டாள். விசையை இழுத்தாள்.

வெடி நெஞ்சுக்குள் இடித்தது. பலகையின் வலப்பக்க ஓரத்துக்கு ஒரு விரல் வெளியே மண் தெறித்தது. நினைத்த இடம்தான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

அப்போதுதான், பின்னால் யாரும் சிரிக்கவில்லை என்பது உறைத்தது.

நௌஷாட் பலகையைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் குனிந்து பார்த்தாள். உதைத்து எழும்பிய ரிவோல்வர் தானாகவே இறங்கி, பலகைக்கு நேரே வந்து அசையாமல் நின்றது. கால் ஓர் அங்குலம் பெயரவில்லை. கண்கூட இமைத்ததாக ஞாபகம் இல்லை.

தவறவிடப் பழகியவள் துள்ளப் பழகவில்லை. சின்னத் தோட்டாவில் துள்ள என்ன இருக்கிறது?

மரநிழலில் சேர் கதிரையை விட்டு எழுந்து இரண்டு அடி முன்னால் வந்தார். பாழாய்ப்போன உடம்பு, இருபது வருஷமாகியும் மறக்கவில்லையே என்று பிரஷாந்திக்கு அழுகை வந்தது. குவைத் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தாள்.

நௌஷாட் சேரைக் கையமர்த்திவிட்டு அவளிடம் வந்தார். பிடியைத் திருத்துகிறவர்போல அவள் மணிக்கட்டைத் தொட்டார். மறுகையால் காதுக்கவசத்தை ஒரு பக்கம் விலக்கினார்.

“அடுத்த வெடிக்காவது கொஞ்சம் துள்ளுங்க, தங்கச்சி. எண்பத்தஞ்சில இயக்கத்தோட காட்டுக்குள்ள நாங்க பழகக்குள்ள சின்னத் தோட்டா ஏது? இந்த வேலைக்கு வந்த அண்டைக்கு நானும் துள்ள மறந்துதான் போனன்.”

கவசத்தைச் சரியாகப் பொருத்திவிட்டு, சேருக்குக் கேட்கும்படி அவளை இரண்டு வார்த்தை ஏசிக்கொண்டே தன் இடத்துக்குப் போனார்.

இரண்டாவது வெடிக்குப் பிரஷாந்தி துள்ளினாள். கை தலைக்கு மேலே போனது, தோட்டா மண்மேட்டில் எங்கோ புதைந்தது. சேர் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தார்.

அந்தத் துள்ளலை அவள் நடிக்கவில்லை.