பாதி மாத்திரை

டாக்டர் எட்டிப் பார்க்காத அந்த உப்பளத்து ஊரில், ஆட்களை வாரிக்கொண்டு போன காய்ச்சலுக்குக் கடைசியில் சுகாதார நிலையத்தில் வைத்திருந்த, தானே யோசிக்கும் ஒரு கருவிதான் மருந்து கண்டுபிடித்தது. ஊருக்கே போதாத மருந்து என்பதால் வீட்டுக்கு ஒருவருக்குத்தான் கொடுக்கச் சொன்னது. குணமாகிறதா என்று, கையில் ஒட்டிய சின்னப் பட்டை வழியாக அதுவே பார்த்துக்கொண்டது.

பாக்கியக்கனிக்கு இரண்டு பெண்கள், இருவருக்குமே காய்ச்சல். எஸ்தர் பெயரில் வந்த மாத்திரையை அவள் தினமும் அரிவாள்மனையில் வைத்து இரண்டாக நறுக்கினாள். மூத்தவளுக்குப் பாதி, இளையவள் ரூத்துக்குப் பாதி. அந்த வீட்டில் எது வந்தாலும் அப்படித்தான்.

இன்று கருவியின் திரையைப் பார்த்த நர்ஸ் புஷ்பத்தின் முகம் சுண்டிப்போனது.

“எஸ்தர் உடம்புல மருந்து வேலை செய்யலக்கா. நிறுத்தச் சொல்லுது.”

பாக்கியக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்திராத தாயி. மருந்து மேல குத்தமில்ல. நாந்தான் பாதி பாதியா ரெண்டு பேருக்கும் குடுத்தேன்.”

புஷ்பம் திட்டவில்லை. கேட்டதை அப்படியே கருவியிடம் சொன்னாள். உடனே பதில் வந்தது.

“என்னம்மா சொல்லுது?”

“முழு மாத்திரை தின்னா புள்ள பிழைச்சுக்குமாம். ஒருத்திக்குத்தான் மருந்து இருக்காம்.” புஷ்பம் தலையைத் தூக்கவே இல்லை. “யாருக்குன்னு கேக்குதுக்கா.”

வெளியே பெஞ்சில் எஸ்தரும் ரூத்தும் ஒரு பன்னைப் பிய்த்து, இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.